வலைப்பூக்கள் மலர்ந்த காலம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டு விழா மேடையில் புலவர் பெருமக்கள் பேசுவதும், நம் போன்றோர் கீழே அமர்ந்து கேட்பதும் நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் அவ்வழக்கத்தைச் சற்றே மாற்றி, இரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதும் ஒரு குமாஸ்தாவை அழைத்திருக்கின்றனர். பள்ளி இறுதி வகுப்போடு என் கல்வி நின்றது. ஆகவே இலக்கிய ஆராய்ச்சியை என்னிடம் எவரும் எதிர்பார்க்க வேண்டா. இணையம் நம் நாட்டிற்குப் புதிதாக வந்த காலத்தில், பெயர் பெறாத எளிய மக்கள் தம் வாழ்வைத் தாமே எழுதி உலகின் முன் வைத்தனர். அவ்வெழுத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். அதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே. அவர்களுள் நானும் ஒருவன்.

இன்றைய இளைஞர்களுக்கு இஃது ஒரு பெரிய செய்தியாகத் தோன்றாது. நினைத்ததை நினைத்த கணத்தில் கைபேசியில் எழுதி அனுப்பிவிடுகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை என்ன? ஒருவன் எழுதியதைப் பத்துப் பேர் படிக்க வேண்டுமானால் அதற்கு ஒரு பத்திரிகை வேண்டும். பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் உண்டு. அவர் மனம் இசைய வேண்டும். இசையாவிடில், தபால்தலை ஒட்டி உடன் வைத்த உறையிலேயே கதை வீடு திரும்பும். இதற்கு மாற்றாக நம் முன்னோர் கண்ட வழி கையெழுத்துப் பத்திரிகை. நண்பர்கள் நாலைந்து பேர் கூடி, அழகிய கையெழுத்துடையவன் ஒருவனைப் பிடித்து எழுதச் செய்து, அந்த ஒரே பிரதியை வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவர். ஆசிரியரும் அவர்களே, வாசகரும் அவர்களே. வலைப்பதிவு, அல்லது வலைப்பூ, என்று நாம் அழைப்பது அந்தக் கையெழுத்துப் பத்திரிகையின் பேரப்பிள்ளை என்றே நான் கருதுகின்றேன். பாட்டன் ஒரு தெருவைச் சுற்றி வந்தான். பேரன் உலகைச் சுற்றி வந்தான்.

அதன் பிறப்பைச் சுருக்கமாகக் கூறுவேன். 1994-ஆம் ஆண்டில் ஜஸ்டின் ஹால் என்னும் அமெரிக்கக் கல்லூரி மாணவர் தமக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்துத் தம் வாழ்வைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்பவர் இத்தகைய பக்கத்திற்கு ‘வெப்லாக்’ என்று பெயரிட்டார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அச்சொல்லை விளையாட்டாகப் பிரித்து எழுத, ‘பிளாக்’ என்னும் குறுஞ்சொல் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே சான் பிரான்சிஸ்கோ நகரில் பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் ‘பிளாக்கர்’ சேவையைத் தொடங்கியது. அதுவரை இணையத்தில் பக்கம் அமைக்க விரும்புவோர் கணிப்பொறிக் குறிமொழி சிறிதேனும் கற்றிருக்க வேண்டியிருந்தது. இச்சேவை வந்த பின் ஒரு கட்டத்துள் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எழுத்து அரங்கேறிவிடும். அந்நிறுவனத்தை 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. வாயில் திறந்தும் தமிழன் தன் மொழியோடு உள்ளே நுழைவது எளிதாயில்லை. தமிழ் எழுத்துருக்கள் பல இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்திருந்தது. எழுதியவனிடம் இருந்த எழுத்துரு படிப்பவனிடம் இல்லையேல், திரையில் தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே தோன்றும். இத்தடையை நீக்கப் பாடுபட்டோரை நாம் மறத்தல் ஆகாது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை அளித்ததோடு, 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தமிழ் நூல்களை எல்லோரும் இலவசமாகப் படிக்க வழி செய்தார். 1999-இல் சென்னையில் கூடிய மாநாடு ‘தமிழ்99’ விசைப்பலகையை வகுத்தது. உலகின் மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடு முறை புழக்கத்திற்கு வந்ததும், முகுந்த் அளித்த எ-கலப்பையும், சுரதாவின் எழுத்து மாற்றியும் ஏழை எளியவருக்கும் தமிழ் எழுதும் வகையைத் தந்தன. இவர்களுள் பலர் நம்மைப் போலவே தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகின்றேன். மொழியை விட்டு விலகி வாழ்பவனுக்கே அதன் அருமை மிகுதியாகத் தெரிகிறது போலும்!

2003-ஆம் ஆண்டில் தமிழ் வலைப்பூக்கள் அரும்பின. 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டியை அமைத்தார். எங்கெங்கோ எழுதப்படும் பதிவுகளை அது ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்திக் காட்டியது. சந்தையில் கடை விரித்தவன் எத்துணைச் சிறியவனாயினும் அவன் கடையும் கண்ணில் படும் அன்றோ? அது போல, அரபு நாட்டில் உழைத்த தொழிலாளி, அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர், டொராண்டோவில் குடியேறிய ஈழத்தவர், அடுக்களை வேலை முடிந்து எழுத அமர்ந்த இல்லத்தரசி ஆகிய எல்லோருடைய எழுத்தும் ஒரே வரிசையில் நின்றன.

அந்நாளில் கல்யாண் நிலையத்தை அடுத்திருந்த ஓர் இணைய மையத்தில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து நானும் எழுதினேன். ஒரு குமாஸ்தாவுக்கு எழுதுவதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். நாள் முழுவதும் எழுதுகிறவன்தான் நான். ஆனால் எழுதப்படுவது பிறர் சரக்கின் கணக்கு. குறிப்பு வரைவது நான், கையொப்பமிடுவது மேலதிகாரி. மொழியும் என் தாய்மொழியன்று. இருபத்தைந்து வயதில்தான், என் மொழியில், என் பெயரில், என் மனத்திலுள்ளதை நான் முதன்முதலாக எழுதினேன். ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனால் உண்டான நிமிர்வை விளக்க எனக்குச் சொல் போதவில்லை.

மழைக்கால இரவில் சரக்கு முற்றத்தில் வண்டிகள் கோக்கப்படும் ஓசையைப் பற்றி ஒரு முறை எழுதியிருந்தேன். சில நாட்களில் கனடாவிலிருந்து ஒரு பெரியவர் மறுமொழி எழுதினார். அவர் யாழ்ப்பாணத்தவர். அவ்வூருக்குச் சென்ற ‘யாழ் தேவி’ போரின் காரணமாக 1990-இல் நின்றுபோனது. தம் இளமையில் இரவுதோறும் கேட்ட புகையிரதத்தின் ஓசையை என் பதிவில் மீண்டும் கேட்டதாக அவர் எழுதியிருந்தார். 2014-இல் அவ்வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றடைந்தது என்ற செய்தியைப் படித்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். முன்பின் அறியாத இருவரை இவ்வாறு இணைத்தது ஒரு பக்கத் தமிழ்.

இது மனமகிழ்ச்சிக்கு மட்டுமே உதவிய கருவியன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய கடற்கரைகளை அழித்தபோது, நம் மும்பையைச் சேர்ந்த சிலர் முன்னின்று ஒரு வலைப்பதிவைத் தொடங்கினர். காணாமற்போனோர் விவரம், உதவி தேவைப்படும் இடம், உதவி அனுப்பும் வழி ஆகியன அதில் தொகுக்கப்பட்டன. பல நாட்டு அன்பர்கள் அப்பணியில் சேர்ந்துகொண்டனர்.

2006 ஜூலை 11-ஆம் நாளை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாலை நேர மின்சார வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உறவினரைத் தேடுவோருக்கு உதவும் பொருட்டு வலைப்பதிவர்கள் செய்தி திரட்டி வெளியிட்டனர். அடுத்த சில நாட்களில் குறிப்பிட்ட சில இணையப் பக்கங்களைத் தடுக்குமாறு மத்திய அரசு ஆணையிட்டது. சேவை நிறுவனங்கள் சில, அப்பக்கங்களை மட்டும் தடுப்பதற்கு மாறாக, பிளாக்ஸ்பாட் முழுவதையுமே அடைத்துவிட்டன. களையோடு பயிரும் மறைந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே வழி திறக்கப்பட்டது. அனுமதியின்றி எழுதும் உரிமை எளிதில் அடைபடக் கூடியது என்பதை நாம் அன்று உணர்ந்தோம்.

குறைகளை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஆசிரியர் இல்லாத இடத்தில் பிழை திருத்துவாரும் இல்லை. முகமூடி அணிந்து ஏசியவர்களும், பிறர் எழுத்தைத் தமதென்று போட்டவர்களும், சாதிச் சண்டை வளர்த்தவர்களும் அங்கே இருந்தனர். பெண்கள் சிலர் வசை பொறுக்காமல் எழுதுவதையே நிறுத்தினர். உரிமை வந்த வேகத்தில் பொறுப்பு வரவில்லை. அதற்காக உரிமையே கூடாது என்பது, சுளுக்கிக்கொண்ட காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். தன் எழுத்திற்குத் தானே ஆசிரியனாக நின்று, பிறர் மனம் புண்படுமோ, சொல்வது மெய்தானோ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும் பழக்கமே இதற்கு மருந்து.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அஃது நிலையாமை. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் தளத்தில் இலட்சக்கணக்கானோர் தம் சொந்தப் பக்கங்களை அமைத்திருந்தனர். 1999-இல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர் சிலரும் இணைய ஆவணகமும் முயன்று காத்த அளவே எஞ்சியது. தமிழ் வலைப்பூக்களிலும் பல இன்று முகவரி மட்டுமாய் நிற்கின்றன. எழுதியவர் சிலர் முகநூலுக்குச் சென்றனர்; சிலர் ஓய்ந்தனர்; சிலர் உலகை விட்டே சென்றனர்.

இங்கே நம் நாட்டு நாட்குறிப்பு ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவருக்கு வாசகர் இல்லை, பாராட்டும் இல்லை. அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின், 1846-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். பிள்ளையவர்கள் எழுதியிராவிடில், அக்காலத் தமிழ் மண்ணின் அன்றாட வாழ்வைப் பிரெஞ்சு அதிகாரிகளின் கடிதங்களைக் கொண்டே நாம் அறிய வேண்டியிருக்கும். எண்பத்தைந்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தும் காகிதம் பிழைத்தது. ஐந்தாறு ஆண்டு எழுதிய வலைப்பக்கம், இடங்கொடுத்த நிறுவனம் கதவடைத்தால் ஒரே நாளில் மறைகிறது. எளியவனுக்கு எழுதும் உரிமையை இணையம் தந்தது. எழுதியதைக் காக்கும் கடமையை அது ஏற்றுக்கொள்ளவில்லை. அக்கடமை நம்முடையது.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். வலைப்பூ வைத்திருந்தவர்கள் நம்மிடையே சிலர் இருக்கின்றனர். அவர்கள் தம் பதிவுகளை அச்செடுத்து, நூற்கட்டுச் செய்து, சங்க நூலகத்திற்கு ஒரு பிரதி வழங்க வேண்டும். இதுவரை எழுதாதவர்கள் இனி எழுத வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு நூலக அறையில் கூடுவோம். பெரியவர்கள் சொல்லட்டும், இளைஞர்கள் எழுதட்டும். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள், தாத்தாவின் குரலைப் பதிவு செய்யட்டும். அதை எழுத்தாக்கும்போது நான்கு எழுத்தையும் கற்றுக்கொள்வர். எழுதியது இணையத்திலும் ஏறட்டும். அலமாரியிலும் ஒரு படி இருக்கட்டும்.

எதை எழுதுவது என்று மலைக்க வேண்டா. தாதர் விரைவு வண்டியில் ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கிய நாள், முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பிய மணியார்டர், ஒரே அறையில் எண்மர் படுத்துறங்கிய காலம், பக்கத்து வீட்டு மராத்தியத் தாய் பிரசவத்திற்கு உடனிருந்த இரவு, இவையெல்லாம் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை. சென்ற ஆண்டு விழாவில் இந்த முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர்களுள் மூவர் இன்று நம்மிடை இல்லை. அவர்கள் மும்பைக்கு வந்த கதையை எழுதி வைத்தவர் எவருமில்லை. அடுத்த ஆண்டு இவ்வாறு சொல்லும் நிலை நேராதிருக்க வேண்டும். முதற்கூட்டத்திற்கு நாள் குறித்துத் தருமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன். நோட்டுப் புத்தகமும் பேனாவும் நான் கொண்டு வருகின்றேன்.