பெற்ற சான்றும் புதுப்பிக்கும் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கழகம் இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்றிய பணிகளை முன்னர்ப் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். நமக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு 'கல்வியும் வேலைவாய்ப்பும்' என்பது. இத்தலைப்பில் வழக்கமாகச் சொல்லப்படுவனவற்றை நீங்கள் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஆதலின் இன்று அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். படித்துத் தேறி, தொழில் செய்வதற்கான பதிவும் பெற்ற பின்னர், அப்பதிவு காலாவதியாகாமல் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதே அது. கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆயினும் இதில் தவறியதால் கைக்கு எட்டிய வேலையை இழந்தவர்கள் இப்பந்தலிலேயே அமர்ந்திருக்கக் கூடும்.

நம்முடைய வீடுகளில் தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றிய பட்டா, மனை ஒப்படைப்பு ஆணை, சாதிச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள் ஆகியன இருக்கும். இப்பழக்கம் காரணமின்றி வந்ததன்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்கீர் அளித்த அறிக்கையையொட்டி, 1892ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கச் சென்னை மாகாண அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என நாம் அறிந்தது அதுவே. அந்நிலங்கள் எவ்வாறு பிறர் கைக்குப் போயின என்பதை நம் பெரியோர்கள் கண்ணால் கண்டவர்கள். தாள் வைத்திருந்தவர்க்கே பிற்காலத்தில் வழக்காடவேனும் வழியிருந்தது. அதனால்தான் எந்தத் தாள் கிடைத்தாலும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிற்று.

பட்டாவிற்கு இவ்வழக்கம் ஏற்றது. தொழிற்பதிவிற்கு ஏற்றதன்று. பட்டம் என்பது ஒருவர் இன்னது படித்தார் என்பதற்கான சாட்சி. அதற்கு முடிவு நாள் கிடையாது. பதிவு என்பது இன்றைய நாளில் இவர் இத்தொழிலைச் செய்யலாம் என்னும் இசைவு. அதற்கு முடிவு நாள் உண்டு. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் இலண்டன் கிரேஸ் இன்னில் 1922ஆம் ஆண்டில் பாரிஸ்டர் ஆனார். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் கையில் இருந்தும், பம்பாயில் வழக்குரைஞராகப் பதிந்துகொள்வதற்கான சன்னதுக்குக் கட்டப் பணமின்றி நின்றார். நண்பர் நேவல் பதேனா என்பார் உதவிய பின்னரே 1923இல் அவர் தொழிலைத் தொடங்க முடிந்தது. பட்டம் வேறு, பதிவு வேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

நம் இளைஞர்களுள் மிகுதியானோர் வைத்திருப்பது ஓட்டுநர் உரிமம். அதிலிருந்தே தொடங்குவோம். சரக்கு வாகனமோ பயணிகள் வாகனமோ ஓட்டுவதற்கான உரிமம், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். தீப்பற்றக்கூடிய, நச்சுத்தன்மையுடைய பொருள்களை ஏற்றும் டாங்கர் லாரிகளுக்கு மூன்றாண்டுகளே. புதுப்பிக்கும்போது அதற்கெனப் பயிற்சியும் பெற்றாக வேண்டும். முன்னாளில் உரிமம் முடிந்த பின்னும் முப்பது நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. பழைய ஓட்டுநர்கள் இன்றும் அதை நம்பியிருக்கின்றனர். அந்தச் சலுகை 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. முடிவு நாளுக்கு ஓராண்டு முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்த பின் ஓராண்டுக்குள்ளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவ்வாறு செய்தால் புதுப்பித்த நாளிலிருந்தே அது செல்லும், இடைப்பட்ட நாள்களில் அவர் உரிமம் இல்லாதவரே. ஓராண்டும் கடந்துவிட்டால் மறுபடியும் வண்டியை ஓட்டிக்காட்டித் தேற வேண்டும். இருபது ஆண்டு லாரி ஓட்டியவர் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று எட்டுப் போடுவது காணச் சகியாத காட்சி.

இடைவெளியால் வரும் கேடு தண்டத் தொகையோடு முடிவதில்லை. அந்த நாள்களில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்பப் பெறும் வகையில் தீர்ப்பு அமையக்கூடும். உரிமையாளர் யாரைத் தேடி வருவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை ஆண்டு இடையறாது உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் அரசு வேலைக்கு விண்ணப்பித்தால், இரண்டு மாத இடைவெளிகூட ஆளை வெளியே நிறுத்திவிடும்.

அடுத்து மருந்தாளுநர். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விழைகிறோம். ஏனெனில் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்து, மருத்துவக் கல்லூரி எட்டாமற் போன நம் பிள்ளைகள் பலர் இன்று டி.பார்ம் படிப்புக்குச் செல்கின்றனர். இரண்டாண்டுப் படிப்பு, அதன் மேல் 500 மணிநேரச் செய்முறைப் பயிற்சி, பிறகு மாநில மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு. 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டப்படி, மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் பதிவு பெற்றவர்க்கே உரிமை உண்டு. பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் இன்றி மருந்துக் கடைக்கு உரிமம் கிடைக்காது.

இங்கேதான் வினை விளைகிறது. கடை வைக்கப் பணம் உள்ளவரிடம் பதிவு இல்லை. பதிவு உள்ள நம் பிள்ளையிடம் பணம் இல்லை. கடைக்காரர் சொல்கிறார்: 'தம்பி, நீங்கள் கடையில் நிற்கக்கூட வேண்டியதில்லை. சான்றிதழை மட்டும் கொடுத்துவிடுங்கள், மாதா மாதம் ஒரு தொகை வீடு தேடி வரும்.' தாயும் தந்தையும் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இச்சொல் தேனாய் இனிக்கும். மூலச் சான்றிதழ் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். பிள்ளை வேறெங்கோ கட்டட வேலை செய்துகொண்டிருப்பான். இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்து புதுப்பிக்கும் காலம் வரும்போது, சான்று அவன் கையில் இல்லை. கேட்டால், வேறு ஆள் கிடைக்கும் வரை தர இயலாது என்பார்கள். நாம் அறிந்த மாணவர் ஒருவர் அரசு மருத்துவமனைப் பணிக்குச் சான்று சரிபார்க்க அழைப்பு வந்த வாரத்தில், பக்கத்து நகரத்துக் கடையொன்றின் வாயிலில் மூன்று நாள் நின்றார். நான்காம் நாள் ஊர்ப் பெரியவர்கள் இருவர் உடன் சென்ற பின்னரே சான்று இறங்கி வந்தது. வேலை கிடைத்தது. நால்வரில் ஒருவர்க்கே இவ்வாறு முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றை வாடகைக்கு விடுதல் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். ஆளில்லாக் கடையில் மருந்து மாறி ஒருவர்க்கு உயிர்க்கேடு நேர்ந்தால், சுவரில் தொங்குவது யாருடைய பெயர்? நிலம் உழுதவன் ஒருவன், பட்டா வேறொருவன் பெயரில் என்று நம் முன்னோர் தவித்தனர். இங்கே பட்டா நம் பெயரில், விளைச்சல் வேறொருவர்க்கு. இதை உதவி என்று எண்ணி மயங்காதீர்கள்.

புதுப்பிப்புக் கட்டணத்தை உரிய நாளுக்குள் செலுத்தாவிடில், பதிவாளர் ஏட்டிலிருந்து பெயரை நீக்கலாம். பின்னர்க் கட்டணம் செலுத்தி மீளச் சேர்த்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே விட்டுப்போனவர்கள் மனமுடைய வேண்டா. 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி ஐந்தாண்டுகளில் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தொளிப் பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும். அப்பயிற்சிச் சான்றுகளை அன்றன்றே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

செவிலியர் பற்றி ஒரு சொல். நம் பாட்டிமார்களுள் பலர் ஊரார் வீடுகளிலெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள். கை நிறைய அறிவு இருந்தது, எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. 1926ஆம் ஆண்டுச் சென்னைச் செவிலியர், பேறுகால உதவியாளர் சட்டத்தால் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. அந்தப் பாட்டிமார்களின் பேத்திகள் இன்று அவ்வேட்டில் இடம்பெற்றிருப்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கதே. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அப்பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு 150 மணிநேரத் தொடர்கல்வி. பெரிய மருத்துவமனைகளில் பணிபுரிவோர்க்கு வகுப்புகள் அங்கேயே நடக்கும். சிறு நகரத்து மருத்துவமனையில் இரவும் பகலும் உழைக்கும் பெண்ணுக்கு விடுப்புக் கிடைப்பதே அரிது. ஆண்டுக்கு 30 மணி என்று பிரித்துச் செய்யாவிடில் ஐந்தாம் ஆண்டில் மூச்சு முட்டும். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் இதில் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது பற்றி நீங்கள் அறிவீர்கள். விட்டால் மூப்பு போய்விடும்.

'ஒருமுறை படித்துத் தேறியவரை மறுபடியும் மறுபடியும் ஏன் அலைக்கழிக்க வேண்டும்?' என்று இளைஞர்கள் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. எல்லாப் புதுப்பிப்பும் தேவையானது என்று நாம் வாதாட வரவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்று ஏழாண்டுகளே செல்லும் என்றிருந்தது. 2011 முதல் பெற்றோர்க்கும் சேர்த்து, அது வாழ்நாள் முழுதும் செல்லும் என 2021இல் மாற்றினர். ஆக, அரசு நினைத்தால் காலக்கெடுவை நீக்கவும் முடியும். மறுபுறம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் அத்தேர்வில் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும் என 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் கண்டோம். விதிகள் நம்மைக் கேட்டு மாறுவதில்லை. ஆனால் மருந்தும் மருத்துவமும் ஆண்டுதோறும் மாறுகின்றன. முன்னாளில் தாராளமாகக் கொடுத்த மருந்துகள் சில இன்று தடைசெய்யப்பட்டுள்ளன. அதை அறியாத மருந்தாளுநரிடம் நம் குழந்தைக்கு மருந்து வாங்குவோமா?

நம் பிள்ளைகள் தவறுவதற்குக் காரணம் சோம்பல் என்று சிலர் கூறுகின்றனர். நாம் அதனை ஏற்பதில்லை. தலைமுறையாய்ப் படித்த குடும்பத்தில் சித்தப்பாவோ மாமாவோ அதே தொழிலில் இருப்பார். 'உன் பதிவு இந்த ஆண்டு முடிகிறதே' என்று உணவு வேளையில் சொல்லிவிடுவார். நம் வீட்டில் முதன்முதல் செவிலியரானவளுக்கு யார் சொல்வார்? இன்னொன்று, விண்ணப்பங்கள் யாவும் இன்று கணினி வழியே. கணினி மையத்தில் பதிவு செய்யும்போது, கைப்பேசி இல்லாதவர்கள் மையத்துக்காரரின் எண்ணையே கொடுத்துவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து ஓ.டி.பி. அந்த எண்ணுக்குப் போகிறது, மையமோ மூடப்பட்டிருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து, ஆதார் அட்டையில் வேறு எழுத்து. தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் ஓரிடத்தில் முழுப்பெயராகவும் நிற்கிறது. இவற்றைத் திருத்தச் சில வேளை மாதக்கணக்கில் ஆகும். முடிவு நாளுக்கு முதல் வாரத்தில் ஓடினால் என்ன நடக்கும்?

ஆகவே நாம் கழகத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பெரிய செலவில்லை, கெட்டி அட்டைப் பேரேடு ஒன்று போதும். நம் பகுதியில் தொழிற்பதிவு உள்ள ஒவ்வொருவர் பெயரும், எந்தப் பதிவு, முடிவு நாள் எது, கொடுத்த கைப்பேசி எண் யாருடையது, மூலச் சான்று இப்பொழுது எங்குள்ளது என்பனவும் அதில் எழுதப்பட வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லத் தயங்குபவர்களைக் குற்றம் சாட்டாமல், பொறுப்பாளர்கள் தனியே அழைத்துப் பேச வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று மாலையிட்ட பின், அவ்வாண்டில் முடிவுறும் பதிவுகளைப் படித்துச் சொல்ல வேண்டும். கட்டணம் கட்ட இயலாதவர்க்குக் கழகம் கைமாற்றாகக் கொடுத்து, சம்பளம் வந்ததும் திரும்பப் பெறலாம். நேவல் பதேனா செய்ததும் அதுவே.

பேரேட்டின் முதல் பக்கத்திற்குக் கோடு போட்டு, கொண்டு வந்திருக்கிறோம். உணவுப் பந்திக்குச் செல்லும் வழியில் உள்ள மேசைமீது அது இருக்கும். உரிமமோ பதிவோ கையில் உள்ளவர்கள் முடிவு நாளைப் பார்த்து எழுதிவிட்டு இலைக்குச் செல்லுங்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கழகக் கட்டடத்திற்கு வரலாம். நாமும் அங்கிருப்போம்.