மேலதிகக் காப்புறுதி வேண்டுமா?

கட்டுக்கரைக் குளத்தின்கீழ் காலபோகம் செய்யும் கமக்காரர் முன் ஒரு கேள்வி நிற்கின்றது. நெல்லுக்கு அரசு கட்டணமின்றி வழங்கும் காப்புறுதி இருக்க, கைப்பணம் செலுத்தி மேலும் ஒன்று பெறுதல் வேண்டுமா?

இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961 இல் சட்டமாயிற்று. கட்டணமற்ற காப்புறுதி ஏக்கருக்கு ஒரு வரம்புவரையே கொடுக்கும். உழவு, விதை, பசளை, கூலி யாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வரம்புக்கு மேற்பட்ட செலவு உங்கள் தலையிலேயே விழும். அதனைத் தாங்கும் வசதியுடையார் மேலதிகமாக எடுக்காதிருப்பதில் தவறில்லை. நகையை அடகு வைத்து விதைப்பவர் நிலை வேறு. அவருக்கு ஒரு போகம் அழிந்தால் மறுபோகமும் இல்லை.

வயல் கிடக்கும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் அருவியாற்று நீரே இக்குளத்துக்கு வருகின்றது. வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலுக்கு வறட்சி பகை. ஆற்றை அண்டிய பள்ளக்காணிக்கு வெள்ளம் பகை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை மன்னார் மறந்துவிடவில்லை. ஆகவே, எடுக்கும் பத்திரம் உங்கள் வயலின் பகையைக் காக்கின்றதா என்று முதலிற் பாருங்கள்.

குத்தகைக்குச் செய்வோர் இன்னொன்றும் கேட்டறிதல் நன்று: நட்டஈடு யார் பெயருக்கு வரும்? விதைப்புக்கு முன்னரே கமநல சேவை நிலையத்தில் விசாரித்து, விடையை எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள்.