காரின் முதுகில் எழுதிய பட்டங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது பேசுங்க சார், ஆனா பாடம் மட்டும் நடத்தாதீங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். காலையில் வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது, வாசலில் நின்ற கார்களின் பின்புறத்தைப் பார்த்தேன். எல்.எக்ஸ்.ஐ., வி.டி.ஐ., மேக்னா, ஆஸ்டா! நாம் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.இ. போட்டுக்கொள்வதுபோல அவையும் பட்டம் வாங்கியிருக்கின்றன. அந்தப் பட்டங்களைப் பற்றியே பேசலாம் என்று தோன்றியது.

இந்த எழுத்துகளுக்கு முதலில் பொருள் இருந்தது. 1962-இல் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. வந்தது. 250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, சி.சி. கணக்கில். சிலிண்டர்கள் பன்னிரண்டு. பெருக்கிப் பாருங்கள், மூன்று லிட்டர் இன்ஜின். ஜி.டி.ஓ. என்பது பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற வண்டி என்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொற்களின் சுருக்கம். 1964-இல் அமெரிக்காவின் போன்டியாக் அதே மூன்று எழுத்தைத் தன் காருக்குச் சூட்டியது. அந்த அங்கீகாரம் அதற்குக் கிடையாது. பெயர் மட்டும் கடல் தாண்டியது!

இத்தாலியின் டூரின் நகரில் 'கியா' என்றொரு பாடி கட்டும் நிறுவனம் இருந்தது. இன்றைய கொரிய கம்பெனி அல்ல, இது வேறு. 1970-இல் அதை வாங்கிய ஃபோர்டு, கார்ட்டினா, எஸ்கார்ட் போன்ற குடும்பக் கார்களின் உயர்ந்த ரகத்துக்கு அந்தப் பெயரை ஒட்டியது. பிரிட்டனில் ஆபீஸ் கொடுத்த காரின் பின்னால் 'எல்' இருக்கிறதா, 'ஜி.எல்.' இருக்கிறதா, 'கியா' இருக்கிறதா என்று பார்த்தே ஒருவரின் பதவியை எடை போட்டார்கள்.

நம் ஊரில் எல்.எக்ஸ்.ஐ.யின் கடைசி 'ஐ' ஃபியூயல் இன்ஜெக்ஷனைக் குறிக்கும். 2000-இல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, கார்புரேட்டர் விடைபெற்றபோது அது பெருமைக்குரிய எழுத்து. இன்று எல்லா பெட்ரோல் காரிலும் இன்ஜெக்ஷன்தான். எழுத்து நிற்கிறது, சேதி போய்விட்டது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு இளைஞர் பழைய கார் ஒன்றை வாங்கி, என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். பின் சீட்டில் மனைவி, மடியில் கைக்குழந்தை. "டாப் மாடல் சார், ஏர்பேக் இருக்கு. அதுக்காகவே கூடக் கொடுத்து வாங்கினேன்" என்றார். ஸ்டியரிங்கைப் பார்த்தேன். ஏர்பேக் என்ற எழுத்தே இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் அடிமட்ட ரகத்தின் பெயர். பின்னால் ஒட்டியிருந்த எழுத்து கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. கம்பெனி ஒட்டினாலும் டேப்தான், கடைக்காரர் ஒட்டினாலும் டேப்தான்.

"இப்ப போட முடியுமா சார்?" என்று கேட்டார். சென்சார், கன்ட்ரோல் யூனிட், ஒயரிங் எல்லாம் சேர்ந்த அமைப்பு அது. பையை மட்டும் வாங்கித் திணிக்க முடியாது. "முடியாது தம்பி" என்றேன். அவர் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத ரகங்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். அவற்றில் ஒன்றான போலோவை ஏர்பேக்குடன் சோதித்தபோது நான்கு நட்சத்திரம்! ஒரே காரில் ரகம் மாறினால் உயிருக்கு இவ்வளவு வித்தியாசம். 2019 ஜூலையில் ஓட்டுநருக்கும், 2022 தொடக்கத்தில் பக்கத்தில் அமர்பவருக்கும் ஏர்பேக் கட்டாயமானது. ஆனால் அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே, பழைய கார் வாங்கப்போகும் தம்பி தங்கைகளே, முதலில் பின்பக்கத்தைப் பார்க்காதீர்கள். ஆர்.சி.யைப் பாருங்கள். ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்ற எழுத்தைத் தேடுங்கள். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் சந்தேகம்தான், அணையவே இல்லையென்றாலும் சந்தேகம்தான்.

நாளை உங்கள் பெயருக்குப் பின்னாலும் எழுத்துகள் வரும். அதை நம்பி யாரோ ஒருவர் குடும்பத்தோடு ஏறி உட்காருவார். உள்ளே சரக்கு இருக்கட்டும்.