முதலில் மெசினை நிறுத்துவோம், பிறகு கிரீஸ் போடுவோம்

(பெல்மதுளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



நம்மில் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களும் இருக்கிறோம், ஸ்டோரில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறோம். ரோதமுனிக்குப் பூசை வைத்து, மெசினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவது நம்முடைய வழக்கம். ஆனால் மெசின் வருஷம் முழுக்கக் கேட்பது வேறொன்று. நேரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கிரீஸ். அது கிடைக்காவிட்டால் பெயரிங் சூடேறும், சத்தம் போடும், கடைசியில் இறுகி நின்றுவிடும். ரோலர் நின்றால் வாட்டிய கொழுந்து காத்திருக்காது, கெட்டுப்போகும்.

பெயரிங்குக்குப் பக்கத்தில் குமிழ் மாதிரி இருக்கிறதே, அதுதான் கிரீஸ் நிப்பிள். ஒஸ்திரியாவில் பிறந்த ஒஸ்கார் சேர்க் என்பவர் 1929இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கிரீஸ் கன்னை அழுத்தினால் குண்டு விலகி வழி விடும், விட்டால் மூடிக்கொள்ளும்.

போடுகிற முறை இதுதான். முதலில் நிப்பிளைத் துணியால் துடைக்க வேணும். துடைக்காமல் அடித்தால் தேயிலைத் தூசியையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். கன்னின் வாயை நேராகப் பொருத்தி, மெதுவாக, சொல்லப்பட்ட அளவு மட்டும் அடிக்க வேணும். "நிறைய போட்டா நல்லதுதானே" என்று நினைப்பது பிழை. அளவுக்கு மிஞ்சினாலும் பெயரிங் சூடேறும், சீல் பிதுங்கும். வழிந்த கிரீஸைத் துடைத்துவிட வேணும். கொழுந்தில் விழுந்தால் அந்தத் தேயிலை பழுது. கிரீஸ் உள்ளே போகாவிட்டால் பலவந்தம் வேண்டாம். நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவலாம், அல்லது புதுசு மாற்றலாம். ஒருவகைக் கிரீஸோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது. டிரையர் பக்கம் சூடு தாங்கும் கிரீஸ்தான் வேணும்.

எண்ணெய்க் கிண்ணம் உள்ள இடத்தில் எண்ணெய் மட்டம் பார்த்து, மூடியை மூடி வைக்க வேணும். வீட்டுத் தையல் மெசினுக்கும் அதற்குரிய மெல்லிய எண்ணெய்தான். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

இத்தனையையும் விடப் பெரியது ஒன்று உண்டு. ஓடுகிற மெசினுக்குள் கை நீட்டக் கூடாது. "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் கை விட்டால் போனது திரும்பி வராது. சுவிட்சை அணைத்து, மெயினையும் நிறுத்தி, ரோதை முழுக்க நின்ற பிறகுதான் தொட வேணும். வேறு ஆள் தெரியாமல் போட்டுவிடாதபடி சுவிட்சில் ஓர் அட்டையைத் தொங்கவிட வேணும். சாரத்து நுனி, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எல்லாம் கவனம். ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேலி போட வேணும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. வேலி கழன்றிருந்தால் டீமேக்கரிடம் சொல்லுவோம். அதைக் கேட்பது நம்முடைய உரிமை.

தாய்மாரே, வேலைக்குப் புறப்படுகிற கணவரிடமும் மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: "நிறுத்திட்டு எண்ணெய் போடுங்க." பெயரிங் போனால் ஸ்டோரில் வேறு வாங்கலாம். கைக்கு மாற்று எந்த ஸ்டோரிலும் இல்லை.