மேனூத் கல்லூரியின் மின்சாரப் பாதிரியார்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சரக்கு அலுவலக எழுத்தருக்கு விஞ்ஞானப் பேச்சு எதற்கு என்று முன்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பதை நாம் காணாமல் இல்லை. மெட்ரிகுலேஷனுக்கு மேல் நாம் படித்ததில்லை. கல்லூரி வாசலை மிதித்தறியோம். 24 ஆண்டுகளாக, 25,000 வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே அமர்ந்து ரசீது எழுதி வருகிறோம். அக்கம்பியை ஒரு நாளேனும் அண்ணாந்து பார்த்து வியந்தோமா என்றால், அதுவும் இல்லை.

சென்ற கோடையில் எம் இளைய மகன் வீட்டிலிருந்த மேசை விசிறியைப் பிரித்து, உள்ளிருந்த செப்புக் கம்பியை முழுவதும் உருவிவிட்டான். அலுவலகத்திலிருந்து களைத்து வந்த நாம், என்ன ஏது என்று கேளாமல் அவனை அடித்தோம். அழுகை ஓய்ந்த பின்பு, "காந்தம் செய்யக் கம்பி வேண்டியிருந்தது அப்பா" என்றான். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் ரயில்வே இன்ஸ்டிடியூட் நூலகத்தில் மின்காந்தம் பற்றிய நூலொன்றைத் தேடி எடுத்தோம். அதில் தாம் கண்டவர்தாம் இன்று நாம் பேச வந்துள்ள நிக்கலஸ் காலன். பெயரைக் கேட்டதும் எமதருமனை நினைந்து அஞ்ச வேண்டா. அவர் அயர்லாந்து தேசத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். ஆனால் அவரிடம் பயின்ற மாணவர் சிலர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

டப்ளின் நகருக்கு மேற்கே சுமார் 15 மைல் தொலைவில் மேனூத் என்னும் சிற்றூர் உளது. பாதிரிமாரைப் பயிற்றுவதற்கென்று 1795இல் அங்கே கல்லூரி நிறுவப்பட்டது. 1799இல் பிறந்த காலன் அங்கே பயின்று, குருப்பட்டம் பெற்று, ரோமாபுரி சென்றார். கால்வானி, வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர்களின் மின்சார ஆராய்ச்சிகளை அறிந்து, அந்த மோகத்தோடு திரும்பினார். 1826 முதல் 1864இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள், அதே கல்லூரியில் இயற்கை விஞ்ஞானப் பேராசிரியராக இருந்தார். வேத சாஸ்திரமே தலையாய பாடமாக விளங்கிய இடத்தில் விஞ்ஞானத்துக்கு எத்தகைய மதிப்பு இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். அவரோ பாடம் நடத்திய நேரம் போக, பக்தி நூல்களை மொழிபெயர்த்தார். எஞ்சிய பொழுதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கம்பி சுற்றினார்.

கம்பி சுற்றுவது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். இன்று கடைவீதியில் எடைக்குக் கிடைக்கும் எனாமல் பூசிய கம்பி அக்காலத்தில் ஏது? ஒரு சுற்று மறு சுற்றைத் தொட்டால் உழைப்பு அத்தனையும் வீண். தாம் செய்த பெருஞ்சுருள் ஒன்றுக்காக, மைல் கணக்கான மெல்லிய இரும்புக் கம்பியை, பிசினும் தேன்மெழுகும் உருக்கிய கலவையில் தோய்த்தெடுத்துச் சுற்றினார் என்று படித்தபோது, எம் மகன் ஒரு பிற்பகலில் உருவிப் போட்ட கம்பிக் குவியல் எம் கண்முன் வந்து நின்றது. காந்தத்துக்கு வேண்டிய இரும்புச் சட்டத்தை லாட வடிவில் வளைத்துக் கொடுத்தவர் அவ்வூர்க் கொல்லர். குதிரைக்கு லாடம் அடிக்கும் உலைக்களத்தில் விஞ்ஞானக் கருவி பிறந்தது!

1836இல் அவர் கண்டது யாது? ஓர் இரும்புச் சட்டத்தின் மீது தடித்த கம்பியைச் சில சுற்றுகளும், மெல்லிய கம்பியைப் பல சுற்றுகளும் சுற்றினார். தடித்த கம்பியில் மின்கலத்தின் ஓட்டத்தைச் செலுத்தினார். ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. அதைத் திடீரென அறுக்கும் கணத்திலேதான் மெல்லிய கம்பியில் பேராற்றல் எழுந்தது. விரைந்து விரைந்து அறுக்க அறுக்க அதிர்ச்சியும் மிகுந்தது. ஆகவே கடிகாரத்தின் உறுப்பைக் கொண்டு, பாதரசக் கிண்ணத்தில் ஒரு கம்பி தோய்ந்து தோய்ந்து எழும்படி பொறி அமைத்தார். இதுவே தூண்டு சுருள். இன்று நம் காலனி வாசலில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் தீப்பொறி எழுப்புவதும் இதே தத்துவந்தான்.

அக்காலத்தில் வோல்ட்டு அளக்கும் கருவி அவர் கையில் இல்லை. காந்தத்தின் வலிமையை அது தூக்கும் எடையால் அறிந்தார். சுருளின் வலிமையை மாணவர்களின் உடம்பால் அறிந்தார். பிற்காலத்தில் டப்ளின் பேராயராக விளங்கிய வில்லியம் வால்ஷ் மாணவப் பருவத்தில் அவ்வதிர்ச்சியால் மூர்ச்சையுற்று வீழ்ந்தார் என்பர். பிறகு சோதனை வான்கோழிக்கு மாறியதாம். இதை நாம் மெச்சவில்லை. ஆர்வம் அளவு கடந்தால் அருகிலிருப்போர் துன்புறுவர் என்பதற்கு எம் வீட்டு விசிறியும் ஒரு சாட்சி.

விலையுயர்ந்த பிளாட்டினத்துக்கு மாற்றாக வார்ப்பிரும்பைக் கொண்டு மலிவான மின்கலமும் அவர் அமைத்தார். அவற்றில் 577 கலங்களை ஒருங்கே இணைத்து ஓரடுக்கும் கட்டினார்.

ரயில்வே ஊழியர் என்ற முறையில் எம் உள்ளத்தைத் தொட்ட செய்தி வேறு. டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுன் துறைமுகத்துக்கு 1834 டிசம்பரில் நீராவி ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் மின்சாரத்தால் வண்டி இழுக்க வேண்டும் என்று அப்பாதிரியார் ஆசை கொண்டார். ஆனால் காந்தத்தின் இழுப்போ சிறிது விலகினாலும் வெகுவாகக் குறைந்துவிடும். மின்கலத்தில் கரையும் துத்தநாகமோ நிலக்கரியினும் செலவு மிக்கது. ஆசை ஆசையாகவே நின்றது.

புகழும் அவரை வந்தடையவில்லை. பாரிஸ் நகரத்துக் கருவித் தொழிலர் ரும்கார்ஃப், தூண்டு சுருளைத் திருத்தமாகச் செய்து விற்றார். உலகம் அவர் பெயராலேயே அதை அழைத்தது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் ஏற்படுத்திய 50,000 பிராங்க் பரிசும் 1864இல் அவருக்குக் கிட்டியது. அதே 1864 ஜனவரியில்தான் காலன் மேனூத்தில் கண்மூடினார். ரும்கார்ஃபைக் குறை கூறுவதற்கில்லை. அவரும் கைத்திறன் மிக்க உழைப்பாளியே. காலனின் உரிமையை அவருக்கு வெகுகாலம் பின்வந்த மேனூத் பேராசிரியர் மக்லாக்லின் பழைய ஏடுகளைத் துருவி எடுத்துரைத்தார். காலனின் கருவிகளை இன்றும் அக்கல்லூரியின் காட்சிசாலையில் காணலாம்.

அவர் கனவு கண்ட பாதை என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். கிங்ஸ்டவுனுக்கு 1920இல் டன் லேரி என்று பெயர் மாறியது. டிரம் என்னும் ஐரிஷ் ரசாயன நிபுணர் தாம் அமைத்த பேட்டரியைப் பூட்டி, 1932இல் டப்ளினுக்கும் பிரே நகருக்கும் இடையே ரயில் ஓட்டச் செய்தார். அவ்வண்டிகள் 1949இல் நின்றன. பின்னர் 1984இல், தலைக்கு மேல் கம்பி கட்டி, டன் லேரி வழியாக மின்சார ரயில் விடப்பட்டது. பாதிரியார் இறந்து 120 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எம் மகனுக்குக் கால் கிலோ எனாமல் கம்பியும், தச்சரிடம் கேட்டு ஒரு மரச் சட்டமும் வாங்கித் தந்துள்ளோம். பெரிய ஆணி ஒன்றில் அவன் 300 சுற்றுகள் சுற்றிவிட்டான். எண்ணிக்கையை ரசீதுப் புத்தகத்தின் பின்புறத்தில் நாம் குறித்து வருகிறோம். விசிறி இன்னும் ஓடவில்லை.