கடப்பாரையும் கப்பியும் பாடம் நடத்தும்போது

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவரிடம் கவலை ஓட்டிய காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு லேசில் நிற்காது. மின் மோட்டார் வருமுன் கிணற்றுத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது அந்தக் கவலையால்தான். கிணற்று மேட்டில் இரண்டு கால்கள், குறுக்கே உருளை, அதன்மேல் ஓடும் வடம். வடத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் மாடு பூட்டிய நுகத்தடி. மாடுகள் நடக்கும் வாரி மட்டும் சமதரையாக இருக்காது. கிணற்றை விட்டு விலக விலகச் சரிந்துகொண்டே போகும்.

அந்தச் சரிவில்தான் இயற்பியல் இருக்கிறது. மேலே இருந்த உருளை பாரத்தில் ஒரு படிகூடக் குறைக்கவில்லை. இழுக்கும் திசையை மாற்றிக் கொடுத்தது, அவ்வளவே. உண்மையில் கைகொடுத்தது வாரி. இறங்கும்போது மாடுகளின் உடல் எடையும் சேர்ந்து வடத்தை இழுத்தது. போதாததற்கு ஓட்டுபவரும் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தம் எடையைச் சேர்த்துக்கொள்வார். பள்ளிக்கூடம் போகாத மனிதர் செய்த பொறியியல் அது.

இன்று அதே ஊரில் படிக்கும் பிள்ளை, ‘கப்பி வேலையை எளிதாக்குகிறது’ என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறது. எப்படி எளிதாக்குகிறது, எதை விலையாகக் கொடுத்து எளிதாக்குகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. எளிய இயந்திரங்களை வைத்து அறிவியல் கற்பிக்கும் முறை நன்றாக நடக்கிறதா என்று பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்.

நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, ஆப்பு, திருகு ஆகிய ஐந்தையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஹீரோன் வரிசைப்படுத்திவிட்டார். சாய்தளம் அந்தப் பட்டியலில் பிற்பாடு சேர்ந்தது. ஆறு பெயர்களையும் மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் ஆகும். ஆறுக்கும் பொதுவான ஒரே உண்மையை விளங்கிக்கொள்ளத்தான் கை வேண்டும்: விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுத்தாக வேண்டும்.

அதைக் காட்ட இரண்டு துடைப்பக் கட்டைகளும் ஒரு நீளக் கயிறும் போதும். வகுப்பிலேயே பலசாலிகளான இருவர் ஆளுக்கொரு கட்டையை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கட்டும். கயிற்றின் ஒரு நுனியை முதல் கட்டையில் கட்டி, இரண்டாவதைச் சுற்றி, திரும்ப முதலாவதைச் சுற்றி, மறுபடி இரண்டாவதைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இப்போது கட்டைகளுக்கு நடுவே கயிறு நான்கு தடவை ஓடுகிறது. மிச்ச நுனியை வகுப்பில் ஆகச் சிறிய பெண்ணின் கையில் கொடுத்தால், அவள் இழுக்க இழுக்க அந்த இரண்டு பையன்களும் தடுமாறி நெருங்கி வருவார்கள். வகுப்பு ஆரவாரம் செய்யும். பெரும்பாலான இடங்களில் பாடம் அந்த ஆரவாரத்தோடு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது. அடுத்தது அளவுகோல். கட்டைகள் 30 செ.மீ. நெருங்க, அந்தப் பெண் எவ்வளவு கயிறு இழுத்தாள்? 120 செ.மீ. நான்கு மடங்கு பலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த எண்ணே பதில்.

இந்தியாவில் இந்த வழியை ஒரு பாடத்திட்டமாகவே செய்து பார்த்த இடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அந்த அறிவியல் கல்வித் திட்டம் பல நூறு பள்ளிகளுக்குப் பரவி, 2002 வரை நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-இல் அங்கு போனபோதுதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து மாதிரிகள் செய்யத் தொடங்கினார். வால்வு டியூபை முக்கால் அங்குலத்துக்கு வெட்டி, இரு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். நான்கு குச்சியில் சதுரம் செய்து விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியில் செய்த முக்கோணம் அசையாது. மின்கோபுரத்தில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று அதைச் செய்துபார்த்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பர்கூர் தாண்டி வடக்கே ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் குப்பம். வங்கிப் பணியை விட்டு வந்த ராம்ஜி ராகவன் 1999-இல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம் அங்குதான் இருக்கிறது. மலிவான பொருள்களில் செய்த மாதிரிகளை வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். அதைவிட மெச்ச வேண்டிய ஏற்பாடு இன்னொன்று உண்டு. கற்றுக்கொண்ட மாணவர்களையே மற்ற பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல நிறுத்துகிறார்கள். தன் வயதுப் பையனிடம் கேள்வி கேட்க எந்தப் பிள்ளையும் கூச்சப்படாது. விளக்குகிறவனுக்கும் தான் எங்கே மழுப்புகிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழக அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு எளிய பொருள்களால் அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. நல்ல முயற்சி, ஐயமில்லை. ஆனால் வேனானாலும் பைக்கானாலும் வந்தவர் கிளம்பியாக வேண்டும். ஒருவர் செய்துகாட்ட நாற்பது பேர் வேடிக்கை பார்த்தால் அது கண்காட்சி. அவர் போன மறுநாள், வகுப்பாசிரியர் ஒரு பலகையையும் செங்கல்லையும் எடுத்து வைத்துத் தொடர்ந்தால்தான் அது கல்வி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்குச் சாமான் பஞ்சமே இல்லை. ஜெகதேவி, பர்கூர் கல் குவாரிகளில் வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. லாரிப் பட்டறையில் ஜாக்கி என்னும் திருகும், இன்ஜினைத் தூக்கும் செயின் பிளாக் என்னும் கப்பித் தொகுதியும் அன்றாடம் ஓடுகின்றன. ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகப்போவதும் இந்தப் பிள்ளைகள்தாம். மாவட்டத்தின் ஒரு பக்கம் மதிப்பெண்ணுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள், இன்னொரு பக்கம் இயந்திரங்கள்; இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவதற்கு ஒரு பட்டறைக்காரரை வகுப்புக்கு அழைத்தாலே போதும்.

தேர்வையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. ‘ஆறு எளிய இயந்திரங்களை எழுதுக’ என்பதற்குப் பதிலாக, 90 செ.மீ. நீளப் பலகை, 30 செ.மீ. உயர ஸ்டூல், ஒரு கிலோ எடைக்கல், ஒரு சுருள்வில் தராசு ஆகியவற்றைக் கொடுத்துவிடலாம். பலகையை ஸ்டூலில் சாய்த்துக் கல்லை மேலே இழுக்கும்போது, கணக்குப்படி தராசு எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 333 கிராம் காட்ட வேண்டும். ஆனால் கல்லை அப்படியே பலகையில் இழுத்தால் தராசு அதைவிட நன்றாகவே கூடுதலாகக் காட்டும். பிறகு கல்லைப் பொம்மை வண்டியில் வைத்து இழுத்தால் முள் இறங்கும். இரண்டு அளவையும் குறித்துவைத்து, வித்தியாசத்தை உராய்வு தின்றுவிட்டது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே சொல்லிவிட்டால், அதற்கு முழு மதிப்பெண் போடலாம்.