திருமணப் படங்களும் வாடகைக் கணிப்பொறியும்

திருமணப் படம் எடுப்பது என் தொழில். படங்களைச் செப்பனிடும் போட்டோஷாப்புக்கு வேண்டிய வலிமை என் பழைய கணிப்பொறிக்கு இல்லை. ஆகவே, 'மேகக் கணிமை' என்னும் முறையில், தொலைவிலுள்ள பொறி ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறேன். உழைப்பது அங்கே, இணையத்தின் வழியே என் திரைக்கு வருவது அதன் காட்சி மட்டுமே.

ஆனால், படம் முதலில் அங்கே போய்ச் சேரவேண்டுமல்லவா? 50 மெகாபைட் படம் ஒன்று, நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் செல்ல 40 நொடி ஆகும். 500 படங்களுக்கு ஐந்தரை மணிக்கு மேலாகிவிடும்! காட்சி சுருக்கப்பட்டு வருவதால் நுண்ணிய நிற வேறுபாடுகள் மங்கலாம்; முடித்த படத்தை இறக்கிப் பார்த்தே நிறத்தைத் தீர்மானிக்கிறேன்.

மூலப்படங்களின் பிரதி எப்போதும் என்னிடமே இருக்கும். பொறி வாடகைக்குக் கிடைக்கும். கடந்துபோன முகூர்த்தம் கிடைக்குமா?